நிறை மையக் கணக்குகள்: மாணவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் மாலை நேர வகுப்பு எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவர்களும் பொறியியல் முதலாண்டு மாணவர்களும் ஒரே இடத்தில் தடுக்கி விழும் பாடம் ஒன்று உண்டென்றால் அது நிறை மையம்தான். சூத்திரம் தெரியாமல் யாரும் விழுவதில்லை. எதை எங்கிருந்து அளக்கிறோம், வெளியிலிருந்து விசை வருகிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் எண்களைப் போடத் தொடங்கிவிடுவதால் விழுகிறார்கள். வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், கரும்பலகையில் நான் எழுதும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சார், நிறை மையம் என்றால் என்ன? வரையறை வேண்டாம், புரியும்படி சொல்லுங்கள்.

நிறை எங்கெங்கே இருக்கிறது என்பதன் சராசரி. வெறும் சராசரி அன்று. கனமானதற்குக் கூடுதல் வாக்கு உள்ள சராசரி.

5 மீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையில் 60 கிலோ ஆள், மறுமுனையில் 40 கிலோ ஆள். பலகையின் நிறையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். 60 கிலோ நிற்கும் முனையிலிருந்து அளந்தால் அவருடைய தொலைவு சுழி, மற்றவருடையது 5. ஒவ்வொரு நிறையையும் அதன் தொலைவால் பெருக்கிக் கூட்டி, மொத்த நிறையால் வகுக்க வேண்டும்: (60 × 0 + 40 × 5) ÷ 100 = 2 மீட்டர். சரியா என்று பார்க்க 60 × 2 = 120, 40 × 3 = 120. இரு பக்கமும் சமம். இது கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் சொன்ன நெம்புகோல் விதியேதான். பாடத்தின் மற்ற பக்கங்கள் எல்லாம் இந்த ஒரு வரியை வெவ்வேறு வடிவங்களுக்குப் பயன்படுத்துவதுதான்.

ஈர்ப்பு மையமும் நிறை மையமும் ஒன்றா?

தேர்வுத்தாளில் ஒன்று. கறாராகச் சொன்னால் புவியீர்ப்பு முடுக்கம் பொருள் முழுவதும் ஒரே அளவாக இருந்தால் மட்டும் ஒன்று. உயரப் போகப் போக ஈர்ப்பு குறைவதால் உயரமான பொருளின் ஈர்ப்பு மையம் சற்றுக் கீழே இறங்கும். எவ்வளவு? 100 மீட்டர் உயரமுள்ள சீரான கோபுரத்துக்குக் கணக்குப் போட்டால் கால் மில்லிமீட்டர் வருகிறது. இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது? விடைக் குறிப்பில் ஓரிடம், நண்பனின் நோட்டில் வேறிடம்.

எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வைத்த பிறகு மாற்றக்கூடாது. புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகளைப் போலத் தாளில் கட்டங்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புள்ளியை முதல் புள்ளி என்று எண்ணினாலும் கோலம் மாறாது.

ஓர் உதாரணம். 2 கிலோ (0, 0) என்ற இடத்தில், 3 கிலோ (4, 0) இல், 5 கிலோ (4, 2) இல். அலகு மீட்டர். கிடை அச்சில் (0 + 12 + 20) ÷ 10 = 3.2. செங்குத்து அச்சில் (0 + 0 + 10) ÷ 10 = 1. நிறை மையம் (3.2, 1).

இப்போது 5 கிலோ இருக்கும் இடத்தையே ஆதிப்புள்ளியாக வைத்துப் பாருங்கள். 2 கிலோ (−4, −2) க்கும், 3 கிலோ (0, −2) க்கும் போய்விடும். கிடை அச்சில் −8 ÷ 10 = −0.8; செங்குத்தில் (−4 − 6) ÷ 10 = −1. அதாவது 5 கிலோவுக்கு இடப்புறம் 0.8, கீழே 1. முன்பு 4 − 0.8 = 3.2, 2 − 1 = 1 என்று வந்த அதே இடம்தான். கனமான நிறையின் மேல் ஆதிப்புள்ளியை வைத்தால் ஒரு பெருக்கல் மிச்சம். குறிகளில் கவனம் சிதறுகிறவர்கள் படத்தின் இடது கீழ் மூலையில் வைத்துக்கொள்ளுங்கள்; எல்லாமே மிகை எண்ணாக வரும்.

'ட' வடிவத் தகடு கேட்டால் எப்படி ஆரம்பிப்பது?

இதை நிதானமாகப் பார்ப்போம். இந்த ஒரு கணக்கு ஒழுங்காகப் புரிந்தால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சீரான தகட்டில் வெட்டிய 'ட'. மொத்த உயரம் 8 செ.மீ., அடிப்பகுதியின் மொத்த நீளம் 10 செ.மீ., இரண்டு கைகளின் அகலமும் 2 செ.மீ. இடது கீழ் மூலைதான் ஆதிப்புள்ளி. தகடு சீரானது என்பதால் நிறைக்குப் பதில் பரப்பையே எடுத்துக்கொள்ளலாம். நிறை தரவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இரண்டு செவ்வகங்களாக வெட்டுங்கள். நிற்கும் கை: 2 × 8 = 16 சதுர செ.மீ., நடுப்புள்ளி (1, 4). மிச்சமிருக்கும் படுத்த கை: நீளம் 10 − 2 = 8, பரப்பு 8 × 2 = 16, நடுப்புள்ளி (6, 1). பரப்புகள் சமம் என்பதால் நேர்ச் சராசரி போதும்: (3.5, 2.5).

தவறு எங்கே நடக்கிறது என்றால், படுத்த கையின் நீளத்தை 10 என்றே எடுத்து, அதன் நடுப்புள்ளியை (5, 1) என்று போடுவதில். மூலையில் உள்ள 2 × 2 சதுரம் இரண்டு தடவை எண்ணப்படுகிறது. அப்படிச் செய்தால் விடை (3.22, 2.33) என்று வரும். இதில் உள்ள ஆபத்து, அது பார்வைக்கு நல்ல விடை போலவே இருப்பது. கொள்குறி வினாவில் நான்கு விடைகளில் ஒன்றாக அதையும் நிச்சயம் வைத்திருப்பார்கள். மூலை யாருக்குச் சொந்தம் என்று முதலில் முடிவு செய்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. 10 × 8 முழுச் செவ்வகத்திலிருந்து மேல் வலதுபுறம் 8 × 6 அளவுள்ள துண்டை வெட்டி எடுத்ததாக நினையுங்கள். முழுச் செவ்வகம் 80, நடு (5, 4). வெட்டிய துண்டு 48, நடு (6, 5). கிடை அச்சில் (400 − 288) ÷ 32 = 3.5. செங்குத்தில் (320 − 240) ÷ 32 = 2.5. கூட்டினாலும் கழித்தாலும் ஒரே விடை.

அந்த (3.5, 2.5) தகட்டிலேயே இல்லையே, வெற்றிடத்தில் இருக்கிறதே?

ஆம், அப்படித்தான் இருக்கும். நிறை மையத்தில் நிறை இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வளையலுக்கு நிறை மையம் அதன் நடுவில்தான், அங்கே காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

இதை ஓட்டப்பந்தயத் திடலிலேயே பார்க்கலாம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி முதுகை வளைத்து, தலை முந்திப் போகும்படி உயரம் தாண்டி, 2.24 மீட்டரில் தங்கம் வென்றார். உடல் வில்லாக வளையும்போது நிறை மையம் உடலுக்கு வெளியே, முதுகுக்குக் கீழே போய்விட முடியும். உடல் கம்பிக்கு மேலே போகும், நிறை மையம் கம்பிக்குக் கீழேயே கடந்துவிடலாம். பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் உயரம் தாண்டும் பிள்ளைகளைக் கவனியுங்கள், இன்று எல்லோரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள்.

வட்டத் தகட்டில் துளை போட்டால் 'எதிர் நிறை' என்கிறார்கள். நிறை எப்படி எதிர்மறையாக இருக்கும்?

இருக்காது. அது கணக்குப் பிள்ளையின் வசதி. பிடிக்கவில்லையென்றால் வெட்டிய துண்டைத் திரும்பப் பொருத்திவிடுங்கள். 12 செ.மீ. ஆரமுள்ள வட்டத் தகட்டில், விளிம்பைத் தொடும்படி 6 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தை வெட்டி எடுக்கிறோம். பரப்புகளின் விகிதம் 4 : 1. ஆகவே வெட்டிய துண்டு 1 பங்கு, மீதித் தகடு 3 பங்கு. இரண்டும் சேர்ந்தால் மையம் வட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும். துண்டின் நடு அங்கிருந்து 6 செ.மீ. ஒரு பக்கம். எனவே மீதியின் நிறை மையம் எதிர்ப்பக்கம், 3 × தொலைவு = 1 × 6, தொலைவு 2 செ.மீ. பெரிய ஆரத்தில் ஆறில் ஒரு பங்கு. எதிர் நிறையே தேவைப்படவில்லை.

என் மகளுக்குத் தொகை நுண்கணிதம் இன்னும் நடத்தவில்லை. அது இல்லாமல் இந்தப் பாடத்தைச் சமாளிக்க முடியுமா?

பெருமளவு முடியும். சில வடிவங்களின் விடைகளை மட்டும் உங்கள் மகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். முக்கோணத் தகடு: அடிப்பக்கத்திலிருந்து உயரத்தில் மூன்றில் ஒன்று. திண்மக் கூம்பு: அடியிலிருந்து உயரத்தில் நான்கில் ஒன்று. திண்ம அரைக்கோளம்: தட்டையான முகத்திலிருந்து ஆரத்தில் எட்டில் மூன்று. உள்ளீடற்ற அரைக்கோள ஓடு: ஆரத்தில் பாதி.

அரைவட்டத் தகட்டுக்கு ஓர் அழகான குறுக்கு வழி இருக்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியாவின் பாப்பஸ் சொன்ன தேற்றம்: ஒரு பரப்பை அதைத் தொட்டு மட்டும் செல்லும், குறுக்கே வெட்டாத ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் உண்டாகும் கன அளவு, பரப்பையும் அதன் மையம் கடக்கும் தூரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். அரைவட்டத்தை அதன் விட்டத்தைச் சுற்றிச் சுழற்றினால் கோளம் வரும். கோளத்தின் கன அளவு எல்லோருக்கும் தெரியும். வகுத்துப் பார்த்தால் மையம் விட்டத்திலிருந்து 4 × ஆரம் ÷ (3 × பை), அதாவது ஆரத்தில் சுமார் 0.42 பங்கு. நுண்கணிதம் ஒரு வரிகூட இல்லை.

ஒரு முனையில் சுழியில் தொடங்கிச் சீராக அடர்த்தி கூடும் கம்பியைக் கேட்டால் பதற வேண்டாம். அது முக்கோணத் தகட்டை நசுக்கிக் கம்பியாக்கியது. மெல்லிய முனையிலிருந்து நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு.

படகில் ஒருவர் நடக்கும் கணக்கில் எனக்கு எப்போதும் விடை தவறுகிறதே?

உங்களுக்கு மட்டுமல்ல, வகுப்பில் பாதிப்பேருக்கு. கணக்கை முட்டுக்காட்டிலேயே வைத்துக்கொள்வோம். அசையாமல் மிதக்கும் 180 கிலோ படகின் ஒரு முனையில் 60 கிலோ ஆள் நிற்கிறார். 4 மீட்டர் தள்ளி இருக்கும் மறுமுனைக்கு நடக்கிறார். நீரின் தடை இல்லை. படகு எவ்வளவு பின்னால் போகும்?

பலர் 60 × 4 = 180 × தொலைவு என்று எழுதி 1.33 மீட்டர் என்கிறார்கள். அந்த 4 மீட்டர் யார் அளந்தது? படகில் உட்கார்ந்திருப்பவர். கரையில் நிற்பவர் அளந்தால் ஆள் அவ்வளவு தூரம் போகவே இல்லை, ஏனென்றால் அவர் நடக்க நடக்கப் படகு அடியில் பின்வாங்குகிறது. கரையிலிருந்து அளப்பதாக முடிவு செய்தால் எல்லாவற்றையும் கரையிலிருந்தே அளக்க வேண்டும். படகு பின்னால் போனது 'பி' மீட்டர் என்றால், ஆள் முன்னால் போனது (4 − பி). கிடைமட்டத்தில் புறவிசை இல்லை, தொடக்கத்தில் எல்லாம் அசைவற்று இருந்தன; ஆகவே நிறை மையம் நகராது: 60 × (4 − பி) = 180 × பி. பி = 240 ÷ 240 = 1 மீட்டர். ஆள் கரையைப் பொறுத்து 3 மீட்டர்தான் போயிருக்கிறார்.

அவர் ஓடினால்? அதே 1 மீட்டர். பாதியில் நின்று ஒரு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போனால்? அப்போதும் 1 மீட்டர்தான். வேகம் விடையில் எங்குமே இல்லை.

உண்மையான தண்ணீரில் தடை இருக்குமே, அப்போது?

நல்ல கேள்வி. இதற்கு வரும் விடை பெரியவர்களையே திகைக்க வைக்கும். நீரின் தடை படகின் வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஆளும் படகும் அசைவற்று இருந்தன, எல்லாம் அடங்கிய பிறகும் அசைவற்று இருக்கின்றன. ஆகவே மொத்த உந்தத்தில் மாற்றம் சுழி. நீர் கொடுத்த மொத்தக் கணத்தாக்கும் (விசையை அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கிக் கூட்டியது) சுழி. தடை வேகத்தைப் பொறுத்தது என்றால், அதன் மொத்தக் கணத்தாக்கு படகின் மொத்த இடப்பெயர்ச்சிக்கு நேர் விகிதம். எனவே இடப்பெயர்ச்சியும் சுழி. ஆள் நடக்கும்போது பின்வாங்கிய படகு, அவர் நின்ற பிறகு மெல்ல நகர்ந்து பழைய இடத்துக்கே வந்து சேர வேண்டும். நிஜத்தில் வேகம் கூடும்போது தடை நேர் விகிதத்தில் நிற்காது, காற்றும் சும்மா இராது. ஆனாலும் 'தடை இருந்தால் படகு கொஞ்சம் குறைவாக நகரும்' என்று எல்லோரும் அவசரமாகச் சொல்லும் பதில் சரியல்ல.

எறிபொருள் நடுவானில் வெடித்தால் துண்டுகள் எங்கே விழும்?

வெடிப்பு அகவிசை. அதனால் நிறை மையம் எதுவும் நடக்காதது போலப் பழைய பரவளையத்திலேயே போய்க்கொண்டிருக்கும். வெடிக்காமல் இருந்தால் 40 மீட்டரில் விழ வேண்டிய பொருள், உச்சியில், அதாவது 20 மீட்டருக்கு நேர் மேலே, இரு சம துண்டுகளாக உடைகிறது. ஒன்று அங்கிருந்து நேராகக் கீழே விழுகிறது. மற்றது 60 மீட்டரில் விழ வேண்டும். 20, 60 இரண்டின் சராசரி 40. ஒன்று வந்த வழியே திரும்பிப் புறப்பட்ட இடத்தில் விழுந்தால் மற்றது 80 மீட்டரில்.

இரு துண்டுகளும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்போதுதான் இந்தச் சராசரி செல்லும். ஒரு துண்டு முன்னதாக விழுந்துவிட்டால் தரை அதன்மேல் விசை செலுத்தத் தொடங்கிவிடும், புறவிசை வந்துவிட்டது. தீபாவளி ராக்கெட்டையும் இந்தக் கணக்குக்குள் இழுத்து வராதீர்கள், அது கக்கும் புகையின் நிறையையும் சேர்த்தல்லவா கணக்கிட வேண்டும்.

கப்பியில் தொங்கும் இரு நிறைகளுக்கு நிறை மையம் நகருமா?

நகரும். ஈர்ப்பும், கப்பி கயிற்றைத் தாங்கும் விசையும் புறவிசைகள். 3 கிலோ, 1 கிலோ என்றால் ஒவ்வொன்றின் முடுக்கமும் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி. நிறை மையத்தின் முடுக்கம் கீழ்நோக்கி, புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு.

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டை ஏன் உருளவில்லை?

சுற்றுலா போய் வந்த பிள்ளைகள் தவறாமல் கேட்பது. ஏறத்தாழ 250 டன் இருக்கும் என்று சொல்லப்படும் அந்தப் பாறை சரிவில் நிற்கிறது. நிறை மையத்திலிருந்து நேர் கீழே விடும் தூக்குநூல், பாறை தரையைத் தொடும் பரப்புக்குள் விழும்வரை அது கவிழாது. அது உண்மையான உருண்டை அன்று. அடிப்புறம் அகன்று சப்பையாகத் தரையோடு பொருந்தி இருக்கிறது. சறுக்காமல் பிடித்துக்கொள்வது உராய்வு. இரண்டும் தனித்தனி நிபந்தனைகள், தேர்வில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள்.

வீட்டில் செய்து பார்க்க வேண்டுமென்றால் ஒரே அளவான நான்கு பாடப்புத்தகங்களை எடுங்கள். நீளம் 24 செ.மீ. என்போம். மேல் புத்தகத்தை அதன் கீழ்ப் புத்தகத்தின் விளிம்பிலிருந்து 12 செ.மீ. வெளியே தள்ளுங்கள், அதற்கு மேல் தள்ளினால் விழும். இந்த இரண்டின் கூட்டு நிறை மையம் இரண்டாம் புத்தகத்தின் விளிம்பிலிருந்து 12 ÷ 2 = 6 செ.மீ. உள்ளே. ஆகவே இரண்டையும் சேர்த்து மூன்றாவதற்கு வெளியே 6 செ.மீ. தள்ளலாம். அடுத்து 12 ÷ 3 = 4, அடுத்து மேசை விளிம்பிலிருந்து 12 ÷ 4 = 3. கூட்டினால் 25 செ.மீ. மேல் புத்தகம் முழுவதும் மேசைக்கு வெளியே நிற்கிறது! இவை கத்திமுனை அளவுகள் என்பதால் ஒவ்வொன்றிலும் ஓரிரு மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிலா பூமியைச் சுற்றுகிறதா, இரண்டும் வேறு எதையாவது சுற்றுகின்றனவா?

கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள் இந்தக் கேள்வி வரும். இரண்டும் தங்கள் பொது நிறை மையத்தைச் சுற்றுகின்றன. தொலைவு சராசரியாக 3,84,400 கி.மீ., பூமியின் நிறை நிலாவைப்போல் 81.3 மடங்கு. 3,84,400 ÷ 82.3 = சுமார் 4,670 கி.மீ., பூமியின் நடுவிலிருந்து. பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்பதால் அந்த இடம் பூமிக்கு உள்ளேயே இருக்கிறது. முதல் கேள்வியில் வந்த பலகைக் கணக்கேதான், ஆட்கள்தான் பெரியவர்கள்.

விடை சரியா என்று தேர்வறையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, அதைக் கணக்குப் போடும் முன்பே செய்ய வேண்டும். படத்தில் நிறை மையம் இருக்கும் என்று தோன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். சமச்சீர் அச்சு இருந்தால் அதன்மேல் இருக்க வேண்டும். துகள்களை எல்லாம் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டினால் அதற்கு வெளியே போகவே கூடாது. கனமான பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வந்த விடை பென்சில் புள்ளியிலிருந்து வெகுதூரம் என்றால் குறியில்தான் கோளாறு, முதலில் அதைப் பாருங்கள். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போய்விடுகிறது, இந்தப் புள்ளிக்கு ஆகும் நேரமோ சில நொடிகள்.

பழகுவதற்குச் சில கணக்குகள் கொடுங்களேன்.

12 செ.மீ. பக்கமுள்ள சதுரத் தகட்டில் ஒரு மூலையிலிருந்து 6 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வெட்டி எடுத்தால் நிறை மையம் எவ்வளவு நகரும்? விடை: மூலைவிட்டத்தில், வெட்டிய மூலைக்கு எதிர்ப்புறமாக 1.41 செ.மீ.

சுத்தியலின் கைப்பிடி 30 செ.மீ., 0.4 கிலோ. தலை 4 செ.மீ. அகலம், 0.6 கிலோ, கைப்பிடியின் நுனியில் பொருத்தியிருக்கிறது. கைப்பிடியின் வெறும் முனையிலிருந்து நிறை மையம் எங்கே? விடை: 25.2 செ.மீ.

உராய்வற்ற தளத்தில் 10 மீட்டர் இடைவெளியில் 50 கிலோ, 75 கிலோ ஆட்கள் கயிற்றைப் பிடித்து ஒருவரையொருவர் இழுக்கிறார்கள். எங்கே சந்திப்பார்கள்? விடை: 50 கிலோ ஆள் புறப்பட்ட இடத்திலிருந்து 6 மீட்டரில். பலசாலியான 75 கிலோக்காரர் மட்டும் இழுத்து, மற்றவர் சும்மா பிடித்துக்கொண்டிருந்தாலும் அதே 6 மீட்டர்தான். ஏன் என்பதை இரண்டு வரியில் எழுதி எடுத்து வாருங்கள்.